மாவுக்கட்டு எடுக்கும் நாள்

கமுகோபே மிஷன் ஆஸ்பத்திரி
24 நவம்பர் 1966

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவுக்குத் தனியாக எழுத நேரமில்லை. இந்த முதல் பத்தியை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். இங்கே செனேனே இறங்கிவிட்டது. வெட்டுக்கிளிகள் மழை போலக் கொட்டுகின்றன. நோயாளிகள்கூடப் படுக்கையை விட்டு எழுந்து பிடிக்கப் போய்விடுகிறார்கள். சிறகு கிள்ளி வறுத்து ஒரு டப்பா நிறைய மிஷன் லாரியில் அனுப்புகிறேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இதைத் தின்னக் கூடாது என்று யாராவது சொன்னால், டாக்டர் தம்பி தின்னச் சொன்னான் என்று சொல்லட்டும்.

இனி உங்களுக்கு மட்டும். நீங்கள் மாஜிஸ்திரேட் என்பதால் கேட்கிறேன்.

போன வியாழக்கிழமை திபெண்டா என்ற ஆள் ஒரு பெண் குழந்தையை சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தான். பெயர் கோகுசீமா. ஏழு வயது இருக்கும். வலது மேல்கை உடைந்திருந்தது. "செனேனே பிடிக்கிறேன்னு காப்பி மரத்துல ஏறி விழுந்துட்டா டாக்டர். வாலில்லாத குரங்கு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். இந்த மாதம் அப்படி விழுந்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

எக்ஸ்ரே எடுத்தேன். விழுந்து உடைந்த எலும்பு குறுக்கே உடையும். இது திருகி உடைந்திருக்கிறது, துணி பிழிவதுபோல. இடது முன்கை வளைந்திருந்ததால் அதையும் எடுத்தேன், ஒரு பழைய முறிவு தெரிந்தது. கட்டுப் போடாமல் தானாகக் கோணலாகக் கூடியிருந்தது. சந்தேகப்பட்டு மார்பையும் படமெடுத்தேன். முதுகுப் பக்கம் மூன்று விலா எலும்புகளில், உடைந்து ஆறி வரும்போது உண்டாகும் முடிச்சுகள். மூன்று காயங்கள், மூன்று வெவ்வேறு காலம். ஒரே மரத்திலிருந்து ஒரே நாளில் விழுந்தால் இப்படி வராது.

கம்பாலாவில் எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். நான்கு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் வந்தது. இப்படிப்பட்ட எலும்புகளைப் பார்த்தால் வீட்டில் இருப்பவர்களைச் சந்தேகப்படு என்று டாக்டர்களுக்கு அது சொல்கிறது. அதற்கும் முன்னால் நியூயார்க்கில் ஒருவர் இதே மாதிரிப் படங்களைப் பார்த்திருக்கிறார். இந்த அடி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்று எழுதி நிறுத்திக்கொண்டார். அதற்கும் முன்னால், நூறு வருஷத்துக்கு முன்பே, பாரிஸில் பிணப்பரிசோதனை செய்த ஒரு டாக்டர் எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறார்: சூடு, எலும்பு முறிவு, செய்தது பெற்றவர்கள் என்பதுவரை. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கண்டுபிடித்து மறந்துவிடும்போலிருக்கிறது.

சிஸ்டர் ஹெட்விக்கிடம் படங்களைக் காட்டினேன். "சத்துக் குறைவு டாக்டர். எலும்பு நொறுங்குற வியாதி" என்றார். இல்லை என்றேன். "நீங்க சொல்றது எங்க ஊர்ல நடக்கும். உங்க ஜனங்க குழந்தையை முதுகுலேருந்து இறக்குறதே இல்லையே. இங்க அப்படி நடக்காது" என்றார். நம்மைப் பற்றி ஒரு வெள்ளைக்காரி இவ்வளவு உயர்வாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அது இந்த விஷயத்திலா வர வேண்டும்.

திபெண்டா பீடி வாங்கப் போனபோது குழந்தை முதல் முறையாக வாயைத் திறந்தாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டர், அந்தப் படத்துல யாருன்னும் தெரியுமா?"

"என்னம்மா கேக்குற? யாருன்னா?"

அவன் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சட்டம் என்ன சொல்கிறது? சீக்கிரம் எழுதுங்கள். அந்த ஆள் தினமும் வந்து, கட்டுப் போட்டாச்சே, கூட்டிப் போகலாமா என்று கேட்கிறான்.

உங்கள்
நொவாட்டஸ்


ருஷேகா
2 டிசம்பர் 1966

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

டப்பா வந்தது. முக்கால் டப்பாதான் வந்தது என்பது என் எண்ணம். லாரி டிரைவரின் மீசையில் ஒரு வெட்டுக்கிளிக் கால் ஒட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். விசாரித்ததில் உன் அக்கா சாட்சி சொல்ல மறுத்துவிட்டாள். மீதியைத் தின்றுகொண்டிருந்தாள்.

உன் கேள்விக்கு வருகிறேன். சந்தோஷப்பட எதுவுமில்லை.

திபெண்டா அவள் அப்பனில்லை. நீ கம்பாலாவில் பிணம் அறுத்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது, அதனால் சொல்கிறேன். தாய் பெயர் எவோதியா. திபெண்டா அவளைப் பரிசம் கொடுத்துக் கட்டினான். ஒரு வருஷம்கூட இல்லை, அடி தாங்காமல் ஓடிவிட்டாள். கரக்வே பக்கம் வேறொருவனோடு வாழ்ந்து இந்தப் பெண்ணைப் பெற்றாள். நம்முடைய பிசிசி வழக்கம் உனக்குத் தெரியும்: பெண்ணின் முதல் பிள்ளை அவளை முதலில் மணந்தவனுக்கு, யாருக்குப் பிறந்தாலும். ஐந்து வருஷம் சும்மா இருந்த திபெண்டா ஒரு நாள் பங்காளிகளோடு போய்ப் பிள்ளையைக் கேட்டான். கிராமக் கோர்ட்டும் வழக்கப்படி அவனுக்கே கொடுத்துவிட்டது. ஓடிப்போனவளை அவன் பிடிக்க முடியவில்லை. அவளுடைய பிள்ளையைப் பிடித்துக்கொண்டான். இது என் ஊகம்தான். கோர்ட்டில் ஊகத்துக்கு இடமில்லை.

சட்டம் இப்படி. வீட்டுக்குத் தலைவன் பிள்ளையைக் கண்டித்து அடிக்கலாம், அளவோடு. இது இங்கிலாந்திலிருந்து வந்தது. நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அளவு மீறினான் என்றால் நிரூபிக்க வேண்டும். உன் படம் என்ன நடந்தது என்று சொல்லும், யார் செய்தது என்று சொல்லாது. அந்தக் குழந்தை உன்னைவிடச் சட்டம் தெரிந்தவள். சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள். குழந்தையே சொல்லலாம். ஆனால் சத்தியத்தின் பொருள் தெரிந்தவளாக இருந்தால்தான் அவளுக்குச் சத்தியம் செய்துவைத்துச் சாட்சியாக ஏற்கலாம். இல்லாவிட்டால் அவள் சொல் தனியாக நிற்காது. அவள் சொல்லைத் தாங்க வேறொன்றும் வேண்டும்.

போலீஸுக்குப் போ. அதுவரை குழந்தையை வார்டை விட்டு விடாதே. டாக்டர் அனுப்ப முடியாது என்றால் எந்தப் பங்காளியும் ஒன்றும் செய்ய முடியாது.

இதை உன் அக்காள் புருஷனாகச் சொல்கிறேன். போலீஸ் வழக்குப் போட்டால் அது என் மேஜைக்குத்தான் வரும். இந்த மாவட்டத்தில் வேறு மாஜிஸ்திரேட் கிடையாது. சொந்தக்காரன் சாட்சி என்று ஒதுங்க ஆரம்பித்தால் இங்கே ஒரு ஆட்டுத் திருடனைக்கூட விசாரிக்க முடியாது. திபெண்டா என் அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். திறந்த கோர்ட்டில் இரண்டு உறவையும் சொல்லிவிடுவேன். ஆனால் அன்றிலிருந்து இந்த விஷயமாக எனக்கு ஒரு எழுத்து எழுதாதே.

அன்புடன்
கோஸ்பெர்ட்


கமுகோபே
15 ஜனவரி 1967

அன்புள்ள அத்தானுக்கு,

நாளை போலீஸுக்குப் போகிறேன். ஆகவே இந்த விஷயமாக இதுவே கடைசிக் கடிதம்.

கை கூடிவிட்டது. மாவுக்கட்டைப் போன வாரமே எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. கட்டு இருக்கும்வரை அவள் நோயாளி. திபெண்டா வந்து, "இன்னும் எத்தனை நாள்தான் டாக்டர்? காப்பி பறிக்க ஆளில்லை" என்கிறான். எலும்பு பிடிவாதக்காரி என்கிறேன். நல்ல கையை இப்படிக் கட்டிவைப்பது வைத்தியமில்லை என்று எனக்கும் தெரியும், சிஸ்டர் ஹெட்விக்குக்கும் தெரியும். அவர் கட்டைப் பார்க்காமல் கடந்துபோகப் பழகிக்கொண்டார்.

சிஸ்டர் மாறியது இப்படி. படங்களைக் குழந்தைக்குக் காட்டவே இல்லை, எதுவும் சொல்லவும் இல்லை. சிஸ்டரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "இதுக்கு முன்னாடி எங்கெங்க வலிச்சது, வரிசையாச் சொல்லு" என்றேன். அவள் முதலில் இடது முன்கையைத் தொட்டாள். "இது பெரிய மழைக்கு முன்னாடி. தண்ணிக் குடம் உடைஞ்சதுக்கு." பிறகு முதுகு. "இது பீன்ஸ் பறிக்கிறப்ப. கீழ விழுந்து கிடந்தேன், மிதிச்சாரு." பிறகு மாவுக்கட்டைத் தட்டினாள். "இது அம்மா பேரைச் சொல்லி அழுததுக்கு." எலும்புகள் ஆறியிருக்கும் வரிசையும் அதுவே. சிஸ்டர் எழுந்து நின்றார். பிறகு, "போலீஸ்ல நானும் சொல்றேன்" என்றார்.

நீங்கள் கேட்ட 'வேறொன்று' இதுதான் என்று நினைக்கிறேன். படத்தால் யார் என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை என்று சொல்ல முடியும்.

நேற்று வார்டு முழுக்க எறும்பு. தேடிப் பார்த்தால் மாவுக்கட்டின் இடுக்கில் வறுத்த செனேனே. "அங்க சாப்பாடு இல்லேன்னா திங்கலாம்னு எடுத்துவெச்சேன்" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

உங்கள்
நொவாட்டஸ்


ருஷேகா
19 மார்ச் 1967

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆண் குழந்தை. உன் அக்கா நலம். பையன் உன்னைப்போலவே இருக்கிறான் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். ஒரு தகப்பனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. மூக்கையாவது நான் கொடுத்தேன் என்று வாதாடிப் பார்த்தேன், அப்பீலிலும் தோற்றேன்.

சாணிக் குழியை மூடாமல் வைத்ததற்காக வாழைத்தோப்புக்காரனோடு சண்டை. கூட்டுறவுச் சங்கத்தில் காப்பிப் பணத்துக்கு இந்த வருஷமும் காத்திருக்கச் சொல்கிறார்கள். பெயர் வைக்கும் நாளுக்கு வா. உன் அக்கா வெள்ளைச் சட்டையோடு வரச் சொல்கிறாள், ஊராருக்குக் காட்ட வேண்டுமாம்.

வேறெதைப் பற்றியும் நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

அன்புடன்
கோஸ்பெர்ட்


கமுகோபே
11 ஜூன் 1967

அன்புள்ள அத்தானுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. இனி எழுதலாமல்லவா? மூன்று வருஷம். நீங்கள் படித்தபோது நான் கோர்ட்டின் பின்வரிசையில் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

திபெண்டாவின் வக்கீலை இன்னும் மறக்க முடியவில்லை.

"டாக்டர், நீங்க படிச்ச கட்டுரை எந்த ஊர்ப் பிள்ளைங்களைப் பத்தினது?"

"அமெரிக்கா."

"அங்க பிள்ளைங்க காப்பி மரம் ஏறுமா?"

"அங்க காப்பி மரம் இல்லை."

"அப்ப நம்ம ஊர் மரத்தைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?" கோர்ட்டே சிரித்தது. உங்கள் குமாஸ்தாவும் சிரித்தார், பார்த்தேன்.

"மரம் வேறையா இருக்கலாம். எலும்பு எல்லா ஊர்லயும் எலும்புதான்" என்றேன். நல்ல பதிலென்று அப்போது தோன்றியது.

சிஸ்டர் ஹெட்விக் எதையும் விடாமல் முழுதாகச் சொன்னார். கோகுசீமாவை நீங்கள் விசாரித்தபோது சாட்சிகளான எங்களை வெளியே அனுப்பிவிட்டீர்கள். ஜன்னல் வழியாக ஒன்றுமட்டும் பார்த்தேன். மேடையை விட்டு இறங்கி வந்து, அவள் உயரத்துக்குப் படியில் உட்கார்ந்து, நம் பாஷையில் பேசினீர்கள். எந்த மாஜிஸ்திரேட்டும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. என்ன கேட்டீர்கள்? அவளைக் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். "அந்த ஐயா நல்லவரு. நான் சொன்னதுக்குச் சிரிக்கல" என்றாள், அவ்வளவுதான்.

எவோதியா கரக்வேயிலிருந்து வந்தாள். மகளைப் பார்த்ததிலிருந்து அவளுடைய கோணல் முன்கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். தீர்ப்பு வரும்வரை எடுக்காமலே வைத்திருந்த மாவுக்கட்டை எவோதியாவின் கண் முன்னால் எடுத்தேன். அதை எடுத்துப் போக வேண்டும் என்று கோகுசீமா பிடிவாதம் பிடித்தாள். உடைந்த இரண்டு பாதிகளையும் துணியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் வளைவு திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தாள், வலது கையை.

உங்களுக்கு நன்றி சொல்லக் கூடாது, சட்டத்துக்குத்தான் சொல்ல வேண்டும் என்பீர்கள். இருவருக்கும் சொல்கிறேன்.

நொவாட்டஸ்


ருஷேகா
2 ஜூலை 1967

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நன்றியைத் திருப்பி அனுப்புகிறேன். திபெண்டா அப்பீல் போட்டிருக்கிறான். பங்காளிகள் ஒரு மாட்டை விற்று முவான்சாவில் பெரிய வக்கீல் வைத்திருக்கிறார்கள். நேற்று ஆவணங்கள் எல்லாம் அங்குள்ள மேல் கோர்ட்டுக்கு ஏரிக் கப்பலில் போய்விட்டன.

பயப்படாதே. உன் படமும் அவள் சொன்ன வரிசையும் பொருந்துகின்றன. அதை உடைக்க யாராலும் முடியாது.

அவளிடம் என்ன கேட்டேன் என்றாய். வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டேன்.

உன் மருமகனுக்கு இப்போதே ஒரு பல் வந்துவிட்டது. முதல் வேலையாக என் சட்டப் புத்தகத்தைக் கடித்தான்.

அன்புடன்
கோஸ்பெர்ட்


கமுகோபே
20 அக்டோபர் 1967

கோஸ்பெர்ட் அத்தானுக்கு,

அப்பீல் தீர்ப்பின் நகலைப் போலீஸ்காரர் காட்டினார். மூன்று முறை படித்தேன். என் படங்களைப் பற்றி ஒரு குறையும் இல்லை. சிஸ்டரைப் பற்றியும் இல்லை. குழந்தை சொன்னது பொய் என்றும் எங்கும் இல்லை. சத்தியம் செய்துவைப்பதற்கு முன் குழந்தையிடம் கீழ்க்கோர்ட் என்ன கேட்டது, அவள் என்ன பதில் சொன்னாள் என்பது பதிவில் இல்லை. 'பெண் புத்திசாலி, சத்தியத்தின் பொருள் அறிந்தவள்' என்று மட்டும் இருக்கிறது. மாஜிஸ்திரேட்டின் கருத்து போதாது. ஆகவே அவள் செய்த சத்தியம் செல்லாது. சத்தியம் செல்லாததால் சாட்சி செல்லாது. சாட்சி போனால் படங்களுக்கு வேலையில்லை. தண்டனை ரத்து. வேறு மாஜிஸ்திரேட் முன் மறு விசாரணை.

நாலு கேள்வியையும் நாலு பதிலையும் எழுத உங்களுக்குக் கை வலித்ததா? வாழைத்தோப்புச் சண்டையை எனக்கு ஒரு பக்கம் எழுதத் தெரிந்ததே.

கேளுங்கள். திபெண்டா சிறையிலிருந்து நேராகக் கரக்வேக்குப் போனான். பங்காளிகள் கூடவே போனார்கள். கிராமக் கோர்ட் கொடுத்த பிள்ளை, தண்டனை ரத்து, இனி யார் தடுப்பது? எவோதியா என்னிடம் ஓடிவந்தாள். "டாக்டர், நான் கதவைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். அவதான், 'விடும்மா, உன்னையும் அடிப்பாரு'ன்னு என் கையை எடுத்துவிட்டா" என்றாள். நான் போலீஸுக்குப் போனேன். மறு விசாரணை வரட்டும் என்றார்கள். அதுவரை அவள் அவன் வீட்டிலா என்றேன். அவன் பிள்ளைதானே என்றார்கள்.

உங்களிடமிருந்து ஒரே ஒரு வரி வேண்டும். ஏன் எழுதவில்லை?

நொவாட்டஸ்


ருஷேகா
5 நவம்பர் 1967

நொவாட்டஸ்,

ஒரு வரி கேட்டாய். ஒரு வரியில் முடியாது.

நான் படியில் உட்கார்ந்து கேட்டேன். கையில் தாளும் பேனாவும் இருந்தன. பெயர், வயது, ஆஸ்பத்திரியில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டேன். சிஸ்டர் என்றாள், டாக்டர் ஊசி போடுவார் என்றாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"பொய் சொன்னா என்னம்மா ஆகும்?"

"அடி விழும்."

"உண்மையைச் சொன்னா?"

அவள் யோசித்தாள். யாரையும் பார்க்கவில்லை, கையிலிருந்த மாவுக்கட்டைத்தான் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அதுக்கும்தான்."

மாப்பிள்ளை, இதை எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? உண்மைக்கும் பொய்க்கும் வித்தியாசம் அறியாதவள் என்று அந்த வக்கீல் எழுந்து நிற்பான். சட்டப்படி அவன் சொல்வதுதான் சரி. அவளுக்குச் சத்தியம் செய்துவைக்க முடியாது. வழக்கு அந்தப் படியிலேயே முடிந்துவிடும். அவள் பதிலை மாற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு முறை கேட்டு, 'கடவுள் தண்டிப்பார்' என்று சொல்லவைக்கவும் வாய் வரவில்லை. பேனாவை மூடிவிட்டேன். பொருள் அறிந்தவள் என்று எழுதினேன். அறிந்தவள்தானே? என் மேடை முன் சத்தியம் செய்தவர்களில் இவ்வளவு தெளிவாக அறிந்தவர் யாருமில்லை. தெரிந்தும் அவள் உண்மையைச் சொன்னாள்.

காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன். எழுதியிருந்தால் ஜூனில் தோற்றிருப்போம், எழுதாததால் அக்டோபரில் தோற்றோம். நடுவில் நாலு மாதம் அவள் அம்மாவோடு இருந்தாள். இதைச் சொல்லி உன் அக்காவிடம் ஆறுதல் தேடினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

என்னைப் பிஹராமுலோவுக்கு மாற்றிவிட்டார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை.

கோஸ்பெர்ட்


பிஹராமுலோ
28 ஜனவரி 1968

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன். கோர்ட்டுக்கு உள்ளே நடந்தது உனக்குத் தெரிய வேண்டும், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

மறு விசாரணை அன்று லீவு போட்டுவிட்டு வந்தேன். நீ வெராந்தா பெஞ்சில் படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சாட்சி என்பதால் கூப்பிடும்வரை உள்ளே வர முடியாது. உன்னைக் கடந்துதான் போனேன். நீ தலையைத் தூக்கவில்லை. நானும் நிற்கவில்லை.

புது மாஜிஸ்திரேட் நல்ல மனிதர், கவனமானவர். ஒவ்வொரு கேள்வியையும் எழுதினார், எழுதிய பிறகே பதிலுக்குக் காத்திருந்தார். அவளை ஒரு ஸ்டூலில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். புதுக் கவுன், தலை மழித்து எண்ணெய் தடவியிருந்தது.

"பொய் சொன்னா என்ன ஆகும்?"

"கடவுள் தண்டிப்பாரு. நரகத்துக்குப் போவேன்."

"உண்மை சொன்னா?"

"சொர்க்கத்துக்குப் போவேன்."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"சர்ச்சுல, ஞான உபதேச வகுப்புல."

எழுதினார். சத்தியம் செய்துவைத்தார். மேல் கோர்ட்டில் இதில் ஒரு எழுத்தைக்கூட யாரும் குறை சொல்ல முடியாது.

"கை எப்படிம்மா உடைஞ்சது?"

"செனேனே பிடிக்கப் போயி காப்பி மரத்துலேருந்து விழுந்துட்டேன்."

"அதுக்கு முன்னாடி உடைஞ்சது?"

"அதுவும் விழுந்ததுதான்."

"போன தடவை வேற மாதிரிச் சொன்னியே?"

"அப்ப எனக்குச் சத்தியம்னா என்னன்னு தெரியாது."

அரசு வக்கீல் தன் காகிதங்களைக் கட்டினார். மேற்கொண்டு சாட்சி இல்லை என்றார். அதனால்தான் உன்னைக் கூப்பிடவில்லை. திபெண்டா விடுதலை.

ஸ்டூலிலிருந்து இறங்கும்போது அவள் என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்துகொண்டாள். நான் கோபித்துக்கொள்வேனோ என்று பயந்த முகம் அது. சிரிக்க முயன்றேன். அதற்குள் திபெண்டா அவள் தோளில் கை வைத்துவிட்டான். மென்மையாகத்தான் வைத்தான், எல்லோரும் பார்த்தார்கள்.

உன் மருமகன் நடக்கத் தொடங்கிவிட்டான். விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குகிறேன். எங்கே அடிபட்டது என்று தடவிப் பார்க்கிறேன். உன் அக்கா, விடுங்க, பிள்ளைன்னா விழத்தான் செய்யும் என்கிறாள்.

எழுது. திட்டியாவது எழுது.

கோஸ்பெர்ட்


கமுகோபே
30 நவம்பர் 1968

அத்தான்,

திட்டுவதற்கு எழுதவில்லை. திட்டி முடித்து நெடுநாளாகிறது. நீங்கள் அந்தப் பதிலை எழுதியிருந்தாலும், எழுதாமலிருந்தாலும், நான் அவளைப் பார்க்காமலே இருந்திருந்தாலும் முடிவு இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அப்படித் தோன்றுவதில்லை.

செனேனே மறுபடி இறங்கியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை திபெண்டா அவளைச் சைக்கிளில் கொண்டுவந்தான். இடது மேல்கை. "பாருங்க டாக்டர், மறுபடியும் மரம். இந்த வயசுலயும் புத்தி வரல" என்றான். சிரிக்கவில்லை, அவசியமில்லை என்று அவனுக்குத் தெரியும். சிஸ்டர் ஹெட்விக் ஊருக்குத் திரும்பிவிட்டார், உங்களுக்கு எழுதினேனா என்று நினைவில்லை. புது சிஸ்டர், "எலும்பு நொறுங்குற வியாதியா டாக்டர்?" என்று கேட்டார். எக்ஸ்ரே தட்டை எடுத்துவைக்கச் சொன்னேன்.

எக்ஸ்ரே அறைக்குள் அவனை விடுவதில்லை, அது விதி. அந்த விதி ஒன்றுதான் எங்கள் பக்கம் மிச்சம். உள்ளே அவளும் நானும் மட்டும். நான் தூக்குவதற்குமுன் அவளே மேஜையில் ஏறினாள். தட்டின் மேல் கையை எப்படி வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. நான் சொல்லாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

படத்தைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. முன்பு கேட்ட கேள்வியைக் கேட்கவும் இல்லை. நான் நோயாளிச் சீட்டை எடுத்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"டாக்டர், என்ன எழுதணும்னு நான் சொல்றேன்" என்றாள். "செனேனே பிடிக்கப் போயி காப்பி மரத்துலேருந்து விழுந்துட்டா. அப்படின்னு எழுதுங்க. முழுசா எழுதுங்க. எழுதலேன்னா மறுபடி கோர்ட்டுக்குக் கூப்பிடுவாங்க."

எழுதினேன். அவள் சொன்னது ஒரு சொல் விடாமல் எழுதினேன். எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை, படிக்கத் தெரியாது. ஆனாலும் வரி நீளமாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

மாவைக் கரைத்துத் துணியைச் சுற்றத் தொடங்கினேன். முழங்கையைத் தாண்டும்போது அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டாக்டர், போன தடவை மாதிரி நாளாக்காதீங்க. கட்டு இருந்த ஒவ்வொரு நாளுக்கும் வீட்ல தனியா அடிக்கணக்கு வெச்சிருந்தாரு."

அத்தான், அந்த நாட்களை நான் அவளுக்குக் கொடுத்த விடுமுறை என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டை முடித்தேன். கதவைத் திறந்து அவனிடம் ஒப்படைத்தேன். ஜனவரி ஏழாம் தேதி கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். அன்றே எடுத்துவிடுவேன்.

நொவாட்டஸ்